கலவரத்தின் காயமும் கடை நிர்வாகமும்



வியாபாரப் பக்கத்தில் மனதின் காயத்தைப் பற்றி என்ன எழுத்து என்று சில வாசகர்கள் நினைக்கக் கூடும். கொள்முதல், கடன், வரி, வாடகை இவற்றைப் பற்றி எழுதுவதுதானே இந்தப் பக்கத்தின் வேலை. ஆனால் கண்டி மாவட்டத்தில் தொழில் செய்கின்ற நமது சகோதரர்கள் பலருக்கு, எவ்வளவு சாமான் எடுப்பது, யாரை வேலைக்கு வைப்பது, கடையை எத்தனை மணிக்குப் பூட்டுவது என்பதையெல்லாம் இன்றும் தீர்மானிப்பது சந்தை நிலவரம் அல்ல. 2018 மார்ச் மாதம்தான் தீர்மானிக்கிறது. ஆகவே இதுவும் வியாபார விடயம்தான்.

நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். 2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியப் பகுதியில் ஏற்பட்ட வாகனத் தகராறில் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் நமது இளைஞர்கள் சிலரால் தாக்கப்பட்டார். மார்ச் தொடக்கத்தில் வைத்தியசாலையில் அவர் உயிரிழந்தார். அது ஒரு குற்றம். அதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். ஆனால் அந்தக் குற்றத்துக்கும் திகனயில் செருப்பு விற்றவருக்கும், அக்குறணையில் புடவைக் கடை வைத்திருந்தவருக்கும் என்ன சம்பந்தம்? மார்ச் 4ஆம், 5ஆம் திகதிகளில் தெல்தெனிய, திகன பக்கம் தொடங்கிய தாக்குதல்கள் அடுத்தடுத்த நாட்களில் கட்டுகஸ்தோட்டை, அம்பதென்ன, அக்குறணை வரை பரவின. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. திகனயில் எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் மரணமானார். 6ஆம் திகதி நாடு முழுவதற்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப் போன்றவை முடக்கப்பட்டன. ஊரடங்கு அமுலில் இருக்கும்போதே கடைகள் எரிந்தன என்பதுதான் நம்மவர் மனதில் இன்றும் ஆறாமல் நிற்பது. அதே இரவுகளில் முஸ்லிம் குடும்பங்களைத் தம் வீட்டுக்குள் எடுத்துக் கதவைப் பூட்டிக்கொண்ட சிங்கள அயலவர்களும் இருந்தார்கள். அவர்களை மறந்தால் நாம் நன்றி கெட்டவர்கள்.

(இடையில் ஒன்று. வெறுப்புப் பேச்சுக்குத் தமது தளம் இடம் கொடுத்ததற்காகப் பேஸ்புக் கம்பனி 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருடம் எடுத்தது. உலகத்தில் மிகப் பெரிய கம்பனிகளில் ஒன்று என்பதால் இதைக் குறித்து வைக்கிறேன். பெரிய கம்பனிக்கும் தான் செய்த சேதத்தைத் திரும்பிப் பார்க்கச் சுணங்கத்தான் செய்கிறது.)

நமது ஊருக்கு இது முதல் தடவையும் அல்ல. 1915ஆம் ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலடியில் மூண்ட தகராறுதான் சில நாட்களில் கொழும்பு வரை சென்ற பெருங்கலவரமாயிற்று. முதலில் அடிபட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து கடை வைத்திருந்த கரையோர முஸ்லிம்கள். வெள்ளைக்கார அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் போட்டுச் சிங்களத் தலைவர்களைச் சிறையில் அடைத்தது, சிலரைச் சுட்டும் கொன்றது. ஆக அந்தக் காயம் இரு தரப்பிலும் தங்கியது. 1983 ஜூலையில் கண்டி நகரத்தில் தமிழ்ச் சகோதரர்களின் கடைகள் எரிந்தபோது எங்கள் வயதுக்காரர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 2001இல் மாவனல்லை, 2014இல் அளுத்கமை. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒன்று என்று கணக்குப் போடலாம்.

இப்படி வந்த பயம் பழைய வியாபாரக் குடும்பங்களில் அறிவுரையாக உருமாறியிருக்கிறது. பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கட்டடத்தில் காசைப் போடாதே, தங்கமாக வை. பெயர்ப்பலகையில் உன் பெயரைப் போடாதே, பொதுவான பெயர் ஒன்றைப் போடு. வாப்பா மகனுக்குச் சொன்னார், மகன் தன் மகனுக்குச் சொல்கிறார். இவற்றில் சில புத்திசாலித்தனமான வார்த்தைகள். சில வெறும் காயம். எது எது என்று பிரித்துப் பார்க்க நாம் உட்கார்ந்ததில்லை.

வைத்தியர்கள் இந்தக் காயத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் மனவடு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அந்தப் பெயரிலேயே தமிழில் ஒரு நூல் எழுதியிருக்கிறார். யுத்தத்தில் தனி மனிதனுடைய மனம் மட்டும் அல்ல, ஒரு குடும்பமும் ஓர் ஊருமே காயப்படுகின்றன என்பது அவர் பல வருடங்களாகச் சொல்லி வரும் கருத்து. ஊர் காயப்பட்டால் என்ன நடக்கும்? ஆளை ஆள் நம்புவது குறையும். பேச்சு குறையும். புதிதாக ஒன்றைத் தொடங்கும் துணிவு குறையும். அவர் வடக்கைப் பார்த்துச் சொன்னார். நம்பிக்கை, பேச்சு, துணிவு மூன்றும் இல்லாமல் வியாபாரம் எப்படி நடக்கும் என்று நாம் யோசித்தால் போதும்.

மனவடு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கடைக்காரனுடைய மொழியில் சொல்லிப் பார்க்கிறேன். நமது கடைகளில் திருடன் வந்தால் அடிக்கின்ற அபாய மணி பூட்டியிருக்கிறோம் அல்லவா. அல்லாஹ் மனித உடம்பிலும் அப்படி ஒன்றை வைத்திருக்கிறான். ஆபத்து வந்தால் நெஞ்சு வேகமாக அடிக்கும், கை கால் விறைக்கும், ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகும். ஆபத்து போனதும் மணி நிற்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் நின்றுவிடுகிறது. சிலருக்கு நிற்பதில்லை. டயர் எரிகின்ற மணம், கிரிக்கெட்டில் வென்றால் கொளுத்தும் பட்டாசு, ஒன்றன்பின் ஒன்றாக வரும் முச்சக்கர வண்டிகள், தேர்தல் ஊர்வலம், எது வந்தாலும் மணி அடிக்கும். தூக்கம் கெடும். கெட்ட கனவு வரும். அந்த வீதியால் போகாமல் சுற்றிப் போவார். சின்ன விடயத்துக்கும் சீறுவார். அல்லது ஒன்றிலும் சந்தோஷம் இல்லாமல் கல்லாய் இருப்பார். ஒரு மாதம் தாண்டியும் இவை நீடித்து வாழ்க்கையைக் கெடுத்தால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய நிலை. 1980இலேயே அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது. கோழைத்தனம் என்றோ ஈமான் குறைவு என்றோ இதைச் சொல்கிறவர் விஷயம் தெரியாமல் பேசுகிறார்.

இனி நமது பக்கத்துக்கு வருவோம். இந்தக் காயம் கடைக்குள் வரும்போது 'நான் காயம்' என்று சொல்லிக்கொண்டு வராது. 'நான் முன்யோசனை' என்று சொல்லிக்கொண்டுதான் வரும்.

எனக்குப் பழக்கமான ஹாட்வெயார் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். கலவரத்துக்கு முன்பு மாதம் ஒரு தடவை கம்பனியிலிருந்து நேராகப் பெயின்டும் குழாய்ச் சாமானும் எடுப்பார். இப்போது வாரா வாரம், அதுவும் மொத்த வியாபாரியிடம் எடுக்கிறார். கேட்டால், "எரிந்தால் ஒரு கிழமைச் சாமான்தானே எரியும்" என்பார். நியாயமான பேச்சுப் போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 20 இலட்சம் ரூபாவுக்குக் கொள்முதல் செய்கிறவர், மொத்தமாக எடுத்தால் கிடைக்கும் கழிவில் 4 சதவீதத்தை இழக்கிறார் என்று வைப்போம். மாதம் 80,000 ரூபா. வருடத்துக்கு 9 இலட்சத்து 60 ஆயிரம். எட்டு வருடம் அப்படியே போனால் 76 இலட்சத்துக்கு மேல். ஒரு தீக்குச்சியும் இல்லாமல் ஒரு கடை எரிந்து முடிந்தது. அதைவிட முக்கியம், வாடிக்கையாளர் கேட்ட நிறம் அன்று கடையில் இல்லை. அவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார். அந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

இன்னொருவர் தன் கடையில் பதினொரு வருடம் நின்ற சிங்களப் பையனை அனுப்பிவிட்டார். பையன் ஒன்றும் செய்யவில்லை. கலவரத்தன்று அவன் வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான். பஸ் ஓடவில்லை, ஊரடங்கு. ஆனால் முதலாளியின் மனதில், 'இவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது' என்று யாரோ ஒரு விதையைப் போட்டுவிட்டார்கள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அந்தப் பையனின் ஊரிலிருந்து கல்யாணத்துக்கும் வருடப் பிறப்புக்கும் துணி எடுக்க வந்த குடும்பங்கள் அவனோடு போய்விட்டன. 2019 ஏப்ரலுக்குப் பின் முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தபோது, அந்தக் கடைக்காகப் பேச அந்த ஊரில் ஒருவர்கூட இருக்கவில்லை. பதினொரு வருட நம்பிக்கையை ஒரு சந்தேகத்துக்கு விற்ற வியாபாரம் அது.

காயம் எப்போதும் ஆளைச் சுருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். சிலரை வீங்கவும் வைக்கும். ஒரு மாடிக் கடை எரிந்தது என்பதற்காக, 'காட்டுகிறேன் பார்' என்று கடனுக்கு மேல் கடன் வாங்கி நான்கு மாடி எழுப்பியவரை எனக்குத் தெரியும். ஊரில் அவரைத் தைரியசாலி என்றார்கள். அந்தத் தெருவில் நான்கு மாடிக்கு வியாபாரம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. 2022இல் நாடு வங்குரோத்தாகி வட்டி வீதம் ஏறியபோது, மேல் மூன்று மாடிக்கும் ஆள் இல்லாமல் அவர் பட்ட பாடு பெரிது. யாருக்குக் காட்டுவதற்காகக் கட்டினாரோ அவர்கள் அந்த வீதியால் போனார்களோ என்னவோ.

மூவரும் நல்ல மனிதர்கள், அனுபவசாலிகள். மூவருடைய தீர்மானத்தையும் எடுத்தவர் அவர்கள் அல்ல என்பதே நான் சொல்ல வருவது. உள்ளே இருந்த காயம் எடுத்தது.

அப்படியானால் பயமே கூடாதா? கூடும். கண்டி நகரில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் ஒருவர் 1915ஐயும் 2018ஐயும் மறந்துவிட்டுத் தொழில் செய்தால் அது மடமை. முன்யோசனை வேறு, காயம் வேறு என்று பிரிக்க என் அனுபவத்தில் ஒரு வழி இருக்கிறது. முன்யோசனைக்கு விலை போடலாம். எவ்வளவு செலவு, எதிலிருந்து பாதுகாப்பு, எப்போது மறுபடி யோசிப்பேன் என்று ஒரு கொப்பியில் எழுதலாம். காயத்தை எழுத முடியாது. 'சாமான் குறைவாக எடுக்கிறேன், காரணம்...' என்று எழுதப் போனால் பேனை நின்றுவிடும். அல்லது காரணம் என்ற இடத்தில் ஒரு சம்பவம் வரும், கணக்கு வராது. இதைச் செய்து பாருங்கள். இரவில் கடையைப் பூட்டிய பின் அரை மணித்தியாலம் போதும். கடந்த வருடங்களில் மாற்றிய பழக்கங்களை எழுதி, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்.

அந்த ஹாட்வெயார் கடைக்காரரின் பயத்துக்கு விலை போட்டால் அது காப்புறுதியில் வந்து நிற்கும். சாதாரணத் தீக் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால் கலவரத்தில் எரிந்ததற்கு அது போதாது. வேலைநிறுத்தம், கலவரம், சிவில் குழப்பம், பயங்கரவாதம் என்ற மேலதிகப் பாதுகாப்பைத் தனியே சேர்த்து எடுக்க வேண்டும். இந்த நாட்டில் அதற்கென்றே அரசாங்கத்தின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் ஒரு நிதி நடக்கிறது. நம் காப்புறுதிக் கம்பனி மூலமாகவே அதைச் சேர்க்கலாம். வட்டி, சூதாட்டம் என்ற சந்தேகம் உள்ளவர்களுக்குத் தகாபுல் இருக்கிறது. கட்டுப்பணம் எவ்வளவு என்று கேட்டு, அதை அந்த 9 இலட்சத்து 60 ஆயிரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நமது சிறு கடைகள் பலவற்றில் இந்த ஒரு வரி பத்திரத்தில் இல்லை. பயம் மலை போல இருக்கிறது, பத்திரம் மட்டும் இல்லை.

சரி, காயம் என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது? இங்கேதான் நம்மவர்கள் 'சபூர் செய்யுங்கள்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். சபூர் பெரிய நிஃமத். அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் சபூர் என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று யார் சொன்னது? மகனை இழந்த யஃகூப் (அலை) அவர்கள் அழுது அழுது கண் வெளுத்துப் போனதைக் குர்ஆனே சொல்கிறது. அவர்கள் நபி. அவர்களை விடச் சபூர் உள்ளவர் நம்மில் யார்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் இறந்தபோது ஸஹாபாக்கள் முன்னிலையில் கண்ணீர் விட்டார்கள். ஆண்பிள்ளை அழக் கூடாது என்பது நமது ஊர்ப் பழக்கம், மார்க்கம் அல்ல.

வியாபாரிகளுக்கு அடிக்கடி சொல்லப்படும் ஒரு சம்பவம் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுடையது. மக்காவில் சொத்தை விட்டுவிட்டு மதீனாவுக்கு வந்து, சந்தை எங்கே என்று கேட்டு, பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று எழுந்தவர். பயானில் இதை உழைப்புக்கு உதாரணமாகச் சொல்வார்கள். முன்பாதியை வேகமாகக் கடந்துவிடுவார்கள். சந்தையைக் கேட்பதற்கு முன் என்ன நடந்தது? நபியவர்கள் அவரை ஸஃது இப்னு ரபீஃ (ரழி) அவர்களோடு சகோதரராக்கி வைத்தார்கள். ஸஃது தன் சொத்தில் பாதியைத் தருகிறேன் என்றார். அவர் எடுக்கவில்லை. ஆனால் எடுக்கலாம் என்று ஒருவர் பக்கத்தில் நின்றார். எல்லாம் இழந்து வந்தவருக்கு முதலில் கிடைத்தது ஒரு சகோதரன், இரண்டாவதுதான் சந்தை. 2018க்குப் பின் நமது ஜமாஅத்துகள் எரிந்த கடைகளுக்குச் சீமெந்தும் தகரமும் காசும் திரட்டிக் கொடுத்தன. அல்லாஹ் கூலி கொடுப்பான். ஆனால் ஒவ்வொரு கடைக்காரருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆளை வைத்தோமா? இதை ஜமாஅத் நிர்வாகிகள் யோசிக்க வேண்டும். செலவில்லாத வேலை.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. 'அன்று என்ன நடந்தது, விளக்கமாகச் சொல்லுங்கள்' என்று தோண்டக் கூடாது. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்துவது காயத்தைக் கிளறுவது. பக்கத்தில் இருப்பது, அவர் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாமல் இருப்பது, 'எனக்கு நடந்ததைக் கேளுங்கள்' என்று நம் கதையைத் தொடங்காமல் இருப்பது (இது நம்மவர்களுக்கு மிகக் கஷ்டம்), இவ்வளவு போதும். தவிர்க்கின்ற இடத்துக்கு மெல்ல மெல்லத் திரும்பிப் போவதும் பலருக்கு உதவுகிறது. முதல் நாள் பகலில் கூட ஒருவரோடு அந்த வீதியால் ஒரு தடவை, அடுத்த கிழமை தனியே. கடை பூட்டும் நேரத்தையும் அரை மணித்தியாலமாகப் பின்னுக்குத் தள்ளலாம்.

இவற்றால் சரிவராமல், தூக்கம் இல்லை, வேலையில் மனம் போகவில்லை, உயிர் வாழ்வதே வெறுப்பாக இருக்கிறது என்றால் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. அரசாங்க வைத்தியசாலை, காசு இல்லை. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம். மனவடுவுக்கென்றே பேச்சு மூலமான சிகிச்சைகள் வந்திருக்கின்றன. தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள். ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. துஆவும் வேண்டும், டாக்டரும் வேண்டும். சீனி வருத்தத்துக்கு இரண்டையும் செய்கிறோம் அல்லவா.

காயத்தை ஆற்றுவது என்றால் நடந்ததை விட்டுவிடுவது என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். 'பழசைப் பேசாதே, மன்னித்துவிடு' என்று பாதிக்கப்பட்டவனுக்குப் புத்தி சொல்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, எரிந்த சாமானின் பட்டியல், படங்கள், நஷ்டஈட்டுக் கடிதங்கள் எல்லாம் ஒரு கோப்பில் பத்திரமாக இருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இழப்பீட்டுக்கான அலுவலகம் ஒன்று அமைக்கப்பட்டது. உரிமையைக் கேட்பது பகை அல்ல. உண்மையில் கோப்பு ஒழுங்காக இருந்தால் மனதுக்குப் பாரம் குறையும். நடந்தது கடதாசியில் இருக்கிறது, எந்நேரமும் தலையில் சுமக்கத் தேவையில்லை.

யூஸுஃப் (அலை) அவர்களைப் பாருங்கள். கிணற்றில் போட்ட சகோதரர்கள் பஞ்ச காலத்தில் தானியம் கேட்டு வந்து நின்றார்கள். களஞ்சியம் அவர் கையில். அளவையை நிறைத்துக் கொடுத்தார், அவர்கள் கொண்டுவந்த பொருளையும் மூட்டைக்குள் திருப்பி வைக்கச் சொன்னார். ஆனால் உடனே கட்டிப் பிடித்துத் தன்னை யார் என்று சொல்லிவிடவில்லை. தம்பியைக் கூட்டிவரச் சொன்னார், அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்த்தார், காலம் எடுத்தார். அளவையில் நீதி முதல் நாளே. நம்பிக்கை படிப்படியாக. வேற்று இனத்து வாடிக்கையாளரோடும் அயல் கடைக்காரரோடும் நாம் நடக்க வேண்டிய முறை இதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். முதல் நாளே முழுவதுமாய் நம்பு என்று யாரும் கேட்கவில்லை. அளவையில் கை வைக்காதே என்பதுதான் கேள்வி. ஒரு குறிப்பிட்ட ஊர்க்காரர் என்றால் கடன் இல்லை, விலையில் இருபது ரூபா கூட, பேச்சில் ஒரு வெட்டு என்று நடக்கின்ற கடைகள் நம்மிடம் இல்லையா?

தலைமை என்ற சொல்லைக் கேட்டால் பெரிய கம்பனிகள் ஞாபகத்துக்கு வரும். மூன்று பையன்களை வேலைக்கு வைத்திருப்பவரும் தலைவர்தான். அந்த மூன்று பேரும் அன்று கடைக்குள் இருந்திருக்கலாம். முதலாளிக்கு நஷ்டஈட்டுப் படிவம் வந்தது, பையன்களுக்கு என்ன வந்தது? ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் இன்று பில் எழுதும்போது கை நடுங்கினால் 'தூங்கி விழுகிறாயா' என்று ஏசுகிறோம். தன் காயத்தை அறிந்த முதலாளிக்குத்தான் அந்த நடுக்கம் கண்ணில் படும்.

திகன பக்கத்துத் தளபாடக் கடைக்காரர் ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். அவர் பல மாதம் பேராதனைக்குப் போய் வைத்தியம் எடுத்தவர், அதை ஒளிக்கவும் இல்லை. குணமாகி வந்த பின் வேலையாட்களைக் கூப்பிட்டு, "கூட்டம் சேர்ந்து சத்தம் கேட்டால் எனக்குப் பயம் வருகிறது, அப்போது நான் கத்துவேன், அது உங்கள் மேல் உள்ள கோபம் அல்ல" என்றாராம். முஸ்லிம், சிங்களம், தமிழ் என்று ஏழு பேர். பிறகு எல்லோருமாக இருந்து ஒரு திட்டம் போட்டார்கள். பிரச்சினை என்றால் யார் ஷட்டரை இறக்குவது, யார் யாருக்குத் தொலைபேசி எடுப்பது, தூர இடத்துப் பையன்கள் எந்த வீட்டில் தங்குவது. கணக்கின் பிரதி ஒன்றைக் கடைக்கு வெளியே வைப்பது. சீ.சி.டி.வி. பதிவும் அப்படியே. சாமான் பட்டியலை மாத முடிவில் படம் எடுத்து வைப்பது. அதில் சிங்களப் பையன் ஒருவன் எழுந்து, "முதலாளி, எங்கள் ஊர்ப் பக்கம் கூட்டம் சேர்ந்தால் முதலில் எனக்குத்தான் தெரியும், நான் சொல்கிறேன்" என்று தானாகச் சொல்லியிருக்கிறான். துணிக்கடைக்காரர் அனுப்பிவிட்ட பையனை நினைத்துக்கொண்டேன்.

பேசாத காயத்தைப் பேசுவதற்கு வேறு ஆட்கள் வருவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நமது இளைஞர்களின் மனதில் இருக்கும் ஆத்திரத்தைத் தேடி வந்து, அதற்கு எண்ணெய் ஊற்றத் தெரிந்தவர்கள் உண்டு. 2019 ஏப்ரல் 21க்குப் பின் அதை நாம் தெரியாதது போல இருக்க முடியாது. அன்று கொல்லப்பட்ட அப்பாவிகளுக்கு நாம் செய்யும் கடமைகளில் ஒன்று, நம் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது. திகனயில் எரிந்தபோது பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இருந்தவர்கள் இப்போது வாப்பாவின் கடைகளில் லாச்சிக்கு முன்னால் நிற்கிறார்கள். அவர்களுக்கு அன்று யாரும் ஒன்றும் விளக்கிச் சொல்லவில்லை. கடையின் சாவியைக் கொடுக்கும் முன், காப்புறுதியும் கடனும் கணக்கும் சொல்லிக் கொடுப்பதோடு, அந்த வாரத்தில் அவர்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்றும் ஒரு நாள் கேளுங்கள்.

கலவரப் பாதுகாப்போடு காப்புறுதி எடுக்கும்போது பத்திரத்தில் பார்க்க வேண்டியவை எவை, கோரிக்கைக்கு எந்தெந்தக் கடதாசிகள் வேண்டும் என்பதை, இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் விபரமாகத் தருகிறேன்.